துண்டுக்குள் கை, திரையில் வட்டம்

மூன்று விரலைத்தான் பிடிக்கிறான், துண்டுக்கடியில், விரலுக்கு ஒரு லட்சம். மூன்றா. நாலாவது நழுவியிருக்கும், துண்டு தடுத்திருக்கும் என்று கையைத் தளர்த்தாமல் வைத்திருக்கிறேன், அவனுடைய பெருவிரல் என் நடுவிரலைத் தாண்டி அடுத்த விரலுக்கு வரும் வரும் என்று பார்க்கிறேன், வரவில்லை, மூன்றிலேயே அழுத்திவிட்டு நிற்கிறது, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தவன் பேனாவை மூடி வைக்கிற மாதிரி. நான் கையை உதறியிருக்க வேண்டும். இந்தச் சந்தையில் நான், ராக்கியண்ணன், உதறிய கைகளைக் கேட்டுப் பாருங்கள், தோள்பட்டை பிசகிப்போனவன் இருக்கிறான், கேரளத்து வியாபாரிகள் என்னிடம் கை கொடுக்குமுன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். இன்று உதறவில்லை. அடிமாட்டு விலையை என் உள்ளங்கையிலேயே வைத்து அழுத்துகிறான், நான் பிடி கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் சொன்ன விலை பெரிய அதிர்ச்சியா, நான் உதறாமல் இருப்பது பெரிய அதிர்ச்சியா, தெரியவில்லை, காதுக்குள் ஙொய் என்று ஒரு சத்தம் மட்டும். "ஏனுங்க மச்சான், கையி சில்லுனு கெடக்குது, பிரிஜ்ஜுல வெச்சு எடுத்தாப்பல," என்கிறான் தேவசிகாமணி, கம்ப்யூட்டர் பார்க்கிற ரெஜினாவுக்கும் கேட்கிற மாதிரி, சிரித்துக்கொண்டு. சாரதாமணியின் தம்பி. என் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவள் தம்பி அவள் புருஷனின் கையைப் பிடித்து மூன்று என்கிறான். ஆபீசில் எதற்கு மச்சான் துண்டு, வாயிலேயே பேசலாமே என்றுதான் கேட்டான். வேண்டாம் என்றது நான். கம்ப்யூட்டர் முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், நம்மிடம் சம்பளம் வாங்குகிறவள் எதிரில் நம்மை என்ன விலைக்குக் கேட்கிறார்கள் என்பது தெரியக் கூடாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜையில் இரண்டு கைகள் மேலும் நானேதான் போட்டேன். போட்ட துண்டைக் கை பிரியுமுன் விலக்குவதில்லை. அது சந்தையின் கட்டு. விலை படிந்தாலும் படியாவிட்டாலும் உள்ளே நடந்தது உள்ளேயே போக வேண்டும்.

கண்ணை அவன்மேல் வைக்க முடியாமல் திரைமேல் வைத்தால் அங்கே அந்த வட்டம் சுற்றுகிறது. நீல வட்டம், செக்குமாடு மாதிரி, எங்கேயும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் மூன்று. இந்த வட்டத்தைக் காட்டித்தான் மூன்று. பொள்ளாச்சியையும் சுத்துப்பட்டுச் சந்தைகளையும் மிதித்த மாடு ஒவ்வொன்றையும் இந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன், சந்தை வரிசை என்று பெயர், எங்கேயோ இருக்கிற வியாபாரி போனைத் திறந்தால் போதும், கன்று ஈன்ற தேதிப்படி, புதிதாக ஈன்ற மாடு மேலே, பழையது கீழே, வரிசையாக வந்து நிற்க வேண்டும், லாரி பிடிக்குமுன் மாட்டைப் பார்த்துவிடலாம், தரகு எனக்கு. வந்துகொண்டும் இருந்தது, மாடு கொஞ்சமாக இருந்த காலத்தில். இப்போது வரிசை கேட்டால் வட்டம்தான் வருகிறது, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் வட்டம், வியாபாரிகள் போனை மூடிவிட்டு நேராகச் சந்தைக்கே போய்விடுகிறார்கள். "இந்த வட்டத்தப் பாக்கறதுக்கு ராட்டினத்துல ஏறலாமுங்க மச்சான், அதுலயாச்சும் காத்து வரும்," என்று வந்தவுடனே சொன்னான், நானும் சிரித்தேன், ஏன் சிரித்தேன், வாயை உடைத்திருக்க வேண்டும். இவன் மாட்டுத்தீவனம் விற்கிறவன். என் வரிசையை வாங்கி ஒவ்வொரு மாட்டுக்கடியிலும் இவன் புண்ணாக்கு விளம்பரத்தை ஒட்டப் போகிறான். ஓடாத சாமானுக்கு மச்சான் முகத்துக்காகத்தான் விலை சொல்கிறேன் என்கிறான். முகத்துக்காக மூன்று. ரெஜினா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள், விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு, திட்டு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிற முதுகு அது. அவளைத் திட்டியிருக்கிறேன். மெஷின் பத்தவில்லையா, புதுசு வாங்கித் தந்தேன், அதையும் அடித்துப் பேசித்தான் வாங்கினேன், கடைக்காரன் அழாத குறை, அப்புறமும் வட்டம். மெஷின்மேல் தப்பு இல்லைங்கண்ணா என்பாள். நாம கேக்கற கேள்வியில ஒரு நட்சத்திரக் குறி போட்டிருக்கோமுங்க, எஸ்க்யூஎல்லுன்னு மெஷின்கிட்ட கேக்கற பாஷையில அதுக்கு எல்லாக் கட்டத்தையும் குடுன்னு அர்த்தமுங்க, நாம வரிசை போடச் சொல்றது தேதிய வெச்சு, ஆனா அது ஒவ்வொரு மாட்டோட மொத்தச் சுமையையும் தூக்கிட்டேதான் இடம் மாறுதுங்க, சில கட்டத்த விட்டுட்டுக் கேட்டா... விட்டுவிட்டு என்ற வார்த்தை காதில் விழுந்தவுடன் நான் மேஜையைத் தட்டுவேன். எதை விடுவது? ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் நீயும் எடுத்துக்கொண்டு கிளம்பு.

எதை விடச் சொல்கிறாள். பல்லையா, ஈத்துக் கணக்கையா, மடி போட்டோவையா, வைத்தியர் சர்டிபிகேட்டையா, சுழியையா. சுழியை விட்டவன் கதை எனக்குத் தெரியும், விட்டவன் நான்தான், மீசை முளைக்காத வயசு, ஒரு செவலையைப் பல் பார்த்து மடி பார்த்து நடை பார்த்துப் பிடித்துவிட்டேன், வாலடி மயிருக்குள் மறைந்து கிடந்த நாகசுழியைப் பார்க்கவில்லை, வாங்குகிறவன் குடும்பத்துக்கு ஆகாத சுழி, ஒருத்தன் தொடவில்லை, வாரத்துக்கு ஒரு சந்தை என்று அதை ஓட்டிக்கொண்டு நடந்தேன், போகிற இடத்தில் எல்லாம் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள், அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் நான் எதையும் விட்டதில்லை. மாட்டைப் பற்றி எவன் எதைச் சொன்னாலும் கட்டம் போடு, ஏற்று. ஏற்றியது சாரதாமணி. ஒற்றை விரலால் தட்டுவாள், எழுத்தைத் தேடித் தேடி, கண்ணாடி மூக்குநுனிக்கு வந்துவிடும். கடைசிக் கட்டம் அவளே கேட்டு வாங்கியது. குணம் என்று பேர் வைத்தாள். "பல்லும் சுழியும் உங்களுக்கு, குணம் எனக்கு," என்றாள். விற்கிற வீட்டில் போனில் பேசுவாள், ஆம்பிளைகளிடம் இல்லை, கறக்கிற பொம்பளையைக் கூப்பிடச் சொல்லி அவளிடம் பேசுவாள், பேசியதைத் தட்டுவாள், நீளம் நீளமாக, என் வாய்க்கு ஒரு சொல் போதும் இவளுக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று கத்தியிருக்கிறேன். இடது பக்கம் நின்று கறக்கணும். மழைச் சத்தத்துக்கு மிரளும். பாட்டு வெச்சாத்தான் பால் இறங்கும். இதையா விடுவது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறிய கையோடும் போனை வாங்கி, அந்தக் காராம்பசுவுக்குக் குணம் போடலை என்று... வேண்டாம். இப்போது அது வேண்டாம். மூன்று. மூன்றைப் பற்றி யோசி.

யோசிக்க முடியவில்லை, அதுதான் விஷயம். மூன்று என்று எடுத்தால் கூடவே ஆஸ்பத்திரி வருகிறது, ஆஸ்பத்திரி என்றால் வெளி பெஞ்சில் இவன் எனக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தது வருகிறது, அன்றைக்குச் சட்னி கெட்டுப்போயிருந்தது, அதுவும் வருகிறது, இவன் அதைத் தெரிந்துகொண்டு வேறு வாங்கி வர ஓடியது வருகிறது, ஓடியவனின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இப்படிப்பட்டவன் எனக்குக் குறைத்துச் சொல்வானா. முன்னெல்லாம் எப்படி யோசிப்பேன். துண்டு விழுந்தால் உலகம் அணைந்துவிடும், வெளியே மாடு கத்தும், தரகன் கத்துவான், பால் இத்தனை கறக்கும், அதன் அம்மா அத்தனை கறந்தது, எல்லாம் வெளியே, உள்ளே விரல் மட்டும். எதிராளி கை வேர்க்கிறதா, இறுகுகிறதா, நடுங்குகிறதா, அது ஒன்றுதான் எனக்கு. முகம் பொய் சொல்லும், வாய் சொல்லவே வேண்டாம், துண்டுக்குள் இருக்கிற கைக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. இப்போது உள்ளேயும் கத்துகிறார்கள். "அக்கா இருந்தா இதையேதாஞ் சொல்லிருக்கும்," என்கிறான், குரலை இறக்கி, "குடுத்துட்டு நிம்மதியா இருங்கன்னு. இந்தப் பெட்டியக் கட்டிட்டு அழுதது போதும்னு." அவள் சொல்லியிருப்பாளா. சொன்னாளே, ஒரு நாள், கோபத்தில், இல்லை அது டிவியைச் சொன்னது. எதைச் சொன்னாள். குரல் வருகிறது, வார்த்தை வரவில்லை, வட்டம் சுற்றுகிறது, அவனுடைய பிடி ஒரு மயிரளவு இறுகுகிறது, சரி என்று சொல்ல நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, விரலை மடக்கினால் போதும், என் மூன்று விரலும் மடங்கப் பார்க்கின்றன, என் விரல்தானா இது, அடப்பாவி, மடங்கப் போகிறது.

"அண்ணா." ரெஜினா திரும்பவில்லை, திரையைப் பார்த்தபடியே சொல்கிறாள். "எப்படியும் குடுத்துடப் போறீங்க. ஒரே ஒரு தடவ நான் கேக்கற மாதிரி கேட்டுப் பாக்கட்டுங்களா? பிடிக்கலன்னா திட்டுங்க." எப்படியும் குடுத்துடப் போறீங்க. அவளுக்கு எப்படித் தெரியும், துண்டு இருக்கிறதே, துண்டு எதற்கு இருக்கிறது? வாய் வரைக்கும் வந்த வசவு அங்கேயே கரைந்து, "என்னமோ பண்ணித் தொல அம்மிணி," என்று வருகிறது, எனக்கே என் குரல் கிழவன் குரலாகக் கேட்கிறது. "நல்லாப் பண்ணு கண்ணு, கடைசியா ஒரு சுத்துச் சுத்தட்டும்," என்கிறான் தேவசிகாமணி. அவள் வட்டத்தை நிறுத்துகிறாள். நட்சத்திரத்தை அழிக்கிறாள், அதன் இடத்தில் இரண்டே சொல் அடிக்கிறாள். நான் பெருமூச்சு விட வாயைத் திறக்கிறேன், விடவில்லை, அதற்குள் வந்துவிட்டது. வட்டமே வரவில்லை. திரை முழுக்க வரிசை. மேலிருந்து கீழே, தேதி தேதியாக, நேற்று ஈன்றது, முந்தாநாள் ஈன்றது, அதற்கு முந்தி ஈன்றது, கட்டிவைத்த மாதிரி நிற்கிறது. என்ன இது. ஏமாற்றுகிறாளா, பழையதை எடுத்துப் போட்டுவிட்டாளா. "இன்னொருக்கா," என்கிறேன். அவள் தட்டுகிறாள், கண் இமைக்கவில்லை, மறுபடி வரிசை. "மாசத்த மாத்து." மாற்றுகிறாள். வரிசை. என் உடம்பு தூக்கிப் போட்டது, தொண்டையிலிருந்து குதிகால்வரை ஒரு உதறல், மின்சாரக் கம்பியைத் தொட்ட மாதிரி, துண்டுக்குள் என் கை துள்ளி விழுந்தது, மேஜைமேல் துண்டு அசைந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். இத்தனை நாள். இத்தனை பேர் போனை மூடிவிட்டுப் போனார்களே. புது மெஷின். கடைக்காரனை அழவைத்தேனே. இரண்டு சொல்லா.

அப்புறம்தான் பயம் வந்தது. வரிசையில் எண்ணும் தேதியும் மட்டும்தான் இருக்கிறது, மொட்டையாக, உரித்த கோழி மாதிரி. பல் எங்கே. சுழி எங்கே. "குணம் எங்க?" என்று கத்திவிட்டேன். "குணத்த என்ன பண்ணுன? அழிச்சுட்டியா?" ரெஜினா இப்போதுதான் திரும்பினாள், முகத்தில் பயமில்லை, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "எங்கயும் போகலிங்கண்ணா. வெச்ச எடத்துலயே இருக்குது. நாம கேக்கல, அவ்வளவுதான். வரிசை போடறதுக்கு நம்பரும் தேதியும் போதும். அத்தனை மாட்டு போட்டோவையும் கதையையும் தூக்கிட்டு வரிசை மாத்தச் சொன்னா மெஷின் கையில எடம் பத்தாதுங்க. கொஞ்சத்தக் கீழ எறக்கி வெக்கும், திருப்பித் தூக்கும், அடுத்தத எறக்கும், அதுக்குத்தான் வட்டம். வரிசை நின்னதுக்கப்புறம் எந்த மாடு வேணுமோ அத மட்டும் தொட்டாப் போதுமுங்க." மேலே நின்ற ஒரு எண்ணைத் தொட்டாள். திறந்தது. போட்டோ, பல், ஈத்து, சுழி, கடைசியில் குணம். என் பெண்டாட்டியின் ஒற்றை விரல் எழுத்து, எழுத்துப்பிழையோடு. *தலையீத்தில் போட்டது. கண்ணைக் கண்ணில் பட வைக்கணும். பிரிச்சுக் கட்டினா ராத்திரி பூரா கூப்புடும், பாவம், கூப்புட விடாதீங்க.* கன்றைக் கண் என்று அடித்திருக்கிறாள். தலையீத்தின்போது அவள் ஏற்றிவைத்த மாடு, இப்போது மறுபடி ஈன்று மேலே வந்து நிற்கிறது. கேட்காவிட்டால் போய்விடும் என்றுதானே நினைத்தேன். எடுக்காமல் விட்டால் அழிந்துவிடும் என்று. தூங்கும்போதுகூட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படுத்தேனே. வைத்த இடத்திலேயே இருக்குமா. கேட்கும்போது வருமா. கண் எரிகிறது, துடைக்க வேண்டும், வலது கை துண்டுக்குள் இருக்கிறது, அப்போதுதான் அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

என் கை துள்ளியது. சரி. அவன் கை? துண்டுக்குள் ஒட்டிக்கிடந்த அந்த இன்னொரு கை, வரிசை வந்தபோது என்ன செய்தது? திருப்பிப் பார்க்கிறேன், விரல் நினைவில் வைத்திருக்கிறது, விரல் எதையும் மறக்காது. ஒன்றும் செய்யவில்லை. ஓடாத சாமான் கண்முன்னால் ஓடியது, மூன்று என்றவனின் கை, ஆச்சரியப்பட வேண்டிய கை, பயப்பட வேண்டிய கை, விலை கைவிட்டுப் போகிறதே என்று இறுக வேண்டிய கை, தூங்குகிற கன்றின் வயிறு மாதிரி இருந்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. இட்லிப் பொட்டலத்தை எடுக்காதே. ஒற்றைச் செருப்பை எடுக்காதே. அக்கா சொல்லியிருக்கும் என்பதை எடுக்காதே. அதெல்லாம் நிஜம்தான், வைத்த இடத்தில் இருக்கட்டும். கையை மட்டும் எடு. தெரியாததைப் பார்த்தால் கை துள்ளும். தெரிந்ததைப் பார்த்தால் துள்ளாது. அப்படியானால் இது ஓடும் என்று இவனுக்கு முன்பே தெரியுமா. இல்லை, இருக்காது, இவன் என்ன கம்ப்யூட்டரைக் கண்டான், புண்ணாக்கு விற்கிறவன். ரெஜினா பேசிக்கொண்டே போகிறாள், இத்தனை நாள் வாயை மூடி வைத்திருந்தவள், இப்போது நிறுத்த முடியவில்லை அவளுக்கு. "இதத்தானுங்கண்ணா நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். போன சந்தையன்னிக்கு நீங்க கீழ சந்தையில இருந்தப்ப இவரு ஒருத்தரக் கூட்டிட்டு வந்தாரே, கோயமுத்தூர்ல கம்பெனி வெச்சிருக்கறவரு, அவரு கேள்வியப் பாத்த ஒடனே சிரிச்சாரு. நட்சத்திரத்த எடுத்தா இது குதிரையாட்டம் ஓடும்னு இவருகிட்டயே சொன்னாருங்களே. இவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

துள்ளியது. துண்டுக்குள், என் மூன்று விரலைப் பிடித்திருந்த அந்தக் கை, வரிசை வந்தபோது துள்ளாத கை, இப்போது துள்ளியது. முகம் அப்படியே இருக்கிறது, சிரிப்புக்கூட உதட்டில் மிச்சமிருக்கிறது, "அட அது என்னமோ பேசிட்டுப் போனாரு, எனக்கென்ன வெளங்குது மச்சான்," என்று வாய் சொல்கிறது, கை தண்ணீரில் போட்ட மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறது. விடவில்லை. என் விரல்கள் மடங்கிவிட்டன, ஆனால் சரி என்று சொல்ல மடங்கவில்லை, அவன் விரல்களைச் சேர்த்துக்கொண்டு மடங்கின. கத்த வேண்டும், மேஜையைத் தட்ட வேண்டும், நான் அதற்குப் பேர்போனவன், பிடியை மட்டும் இறுக்கினேன். இவன். சாரதாமணியின் கண்ணும் மூக்கும் இருக்கிற இவன். "மாப்ளே," என்றேன், மெதுவாகத்தான் வந்தது, "கை வேர்க்குதே." "விடுங்க மச்சான், விரல் நோகுது." "என்ன வெல சொன்ன?" "அதான் சொன்னேனே... உள்ள." "வாயில சொல்லு." "மச்சான், துண்டுக்குள்ள பேசுனத வெளிய..." ஆமாம், கட்டு. இத்தனை வருஷத்தில் கை பிரியுமுன் துண்டை விலக்கியவனை நான் பார்த்ததில்லை, விலக்கினவனோடு யாரும் அப்புறம் துண்டு போட மாட்டார்கள், எனக்கு அது தெரியும், கீழே சந்தை முழுக்கத் தெரியும். ரெஜினா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள், திரையில் அந்தப் பசு குணத்தோடு திறந்து கிடக்கிறது. இடது கையால் துண்டின் நுனியைப் பிடித்தேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இழுத்தேன். ஃபேன் காற்று கைமேல் பட்டது. என் கைக்குள் அவன் கை, அதற்குள் என்னுடைய மூன்று விரல், பிதுங்கி, வெளுத்து. "பாத்துக்கோ அம்மிணி," என்றேன். "இதுதான் உன் வரிசைக்கு இவர் சொன்ன வெல." அவள் குனிந்து பார்த்தாள். நானும் அந்த மூன்றை அப்போதுதான் பார்த்தேன், வெளிச்சத்தில்.